பேசணும்னா இறங்கி வாங்க

அந்த அக்காவைக் கரையில் நிற்கவைத்து நினைத்துப் பார்க்க எனக்கு வருவதில்லை. நினைத்ததும் கண்ணில் படுவது தண்ணீருக்கு மேலே ஒரு தலையும், பக்கத்தில் மிதக்கும் ஓர் அலுமினியக் குண்டானும்தான். குண்டானின் கழுத்தில் கட்டிய கயிற்றின் மறுமுனை அவர் இடுப்பில் இருக்கும். தலை நகர்ந்தால் குண்டானும் கன்றுக்குட்டி மாதிரி பின்னாலேயே போகும். இரண்டு கைகளும் தண்ணீருக்குள் பாசியைத் தடவிக்கொண்டிருக்கும். முகத்தைப் பார்த்தால் யாருடைய பேச்சையோ காதுகொடுத்துக் கேட்பவர் போலிருக்கும். திடீரென்று ஒரு கை மேலே வரும். குண்டானுக்குள் ஒரு துள்ளல். மறுபடி கை உள்ளே போய்விடும்.

தலைமுடியைச் சுருட்டி உச்சியில் முடிந்திருப்பார். அதில் ஒரு கீற்றுப் பாசி எப்போதும் ஒட்டிக்கொண்டிருக்கும். யாராவது சொன்னால், "இருக்கட்டும், பூ வாங்குற செலவு மிச்சம்" என்பார்.

எனக்கு அப்போது இருபது வயது தாண்டியிருந்தது. வீடு நாகூர்ப் பக்கம். படிப்பு அஞ்சாம் வகுப்போடு நின்றது. வாப்பா கடல் மீன் வியாபாரம். கடற்கரை ஏலத்தில் நின்று கத்துவதற்கு எனக்கு வாய் வரவில்லை. அதனால் சைக்கிளில் தகரப் பெட்டியைக் கட்டிக்கொண்டு, திருவாரூருக்குத் தெற்கே உள்ள ஊர்களில் குளத்து மீன் வாங்கி விற்கப் போனேன். விற்பதற்கும் கத்தத்தான் வேண்டும் என்பது போன பிறகுதான் புரிந்தது. தெருமுனையில் நின்று மணியை மட்டும் அடிப்பேன். அவர்தான் எனக்கு மணி பாய் என்று பேர் வைத்தார்.

"என்ன மணி பாய், இன்னிக்கும் உன் வாயி சைக்கிள்லதான் இருக்கா?"

நான் சிரித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வேன். அவர் தண்ணீரில் நின்றபடியே எனக்காகக் கத்துவார். "விராலு, குறவை, கெளுத்தீ..." தண்ணீர் அந்தக் குரலை வாங்கி இரண்டு தெருவுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும். நான் பெட்டியைத் திறப்பதற்குள் பெண்கள் சட்டியோடு வந்துவிடுவார்கள்.

அந்தக் குளம் ஊருக்கும் அவர் தெருவுக்கும் நடுவில் இருந்தது. இந்தப் பக்கம் மிராசுதார் வீடும் கோயிலும். அந்தப் பக்கம் வாய்க்காலைத் தாண்டி, பண்ணையில் வேலை செய்கிறவர்களின் குடிசைகள். மிராசுதாரின் தாத்தா வீடு கட்டச் சூளை போட்டபோது மண் எடுத்த பள்ளம் அது என்று சொல்வார்கள். அதனால் மற்ற ஊர்க் குளங்களைப் போல் இல்லாமல் நடுவில் ஒரே ஆழம். இரண்டு மூங்கிலைச் சேர்த்துக் கட்டி இறக்கினாலும் தரை தட்டாதாம். கோடையில் ஆறும் வாய்க்காலும் காய்ந்து கிடக்கும்போதும் அதில் தண்ணீர் இருக்கும்.

கரையைச் சுற்றி, கழுத்தளவு ஆழம் வரைக்கும் பாசி. மேலே படரும் பச்சைப் பாசி இல்லை. தண்ணீருக்குள் தரையிலிருந்து நிமிர்ந்து நிற்கும் வேலம்பாசி, நாடா போல நீளமாக ஆடும் கொடிப்பாசி. தண்ணீர் தெளிவாக இருக்கும் காலை வேளையில் மேலிருந்து பார்த்தால் உள்ளே ஒரு தோப்பு நிற்பது போலிருக்கும்.

அந்தத் தோப்பில் யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்று அவர் தெரு சொல்வது போலச் சொல்வார். கரையை ஒட்டின அடர்த்தியில் அயிரையும் பொடிக் கெண்டையும். அதற்குள்ளே வட்டமாக இடம் ஒதுக்கிக்கொண்டு, சிவப்புக் குஞ்சுகளைக் காவல் காக்கும் விரால். அடிச்சேற்றில், வேருக்குப் பக்கத்தில் கெளுத்தியும் ஆராவும். பாசி முடிகிற விளிம்பில், வெயில் தாழ்ந்ததும் பெரிய கெண்டைகள் மேய வரும். அதற்கு அப்பால் வெளிச்சம் எட்டாது, பாசியும் பிடிக்காது. அந்த இருட்டில் வாளை சுற்றிக்கொண்டிருக்கும்.

"சின்னது எதுவும் அந்த விளிம்பைத் தாண்டாது மணி பாய். தாண்டுனா வாளை வாயிதான். பாசி இருக்கிற வரைக்கும் வாளைக்கு இங்க வேலை இல்ல. உள்ள பூந்தா அதால திரும்ப முடியாது."

சொல்லிவிட்டு எதிர்க்கரையில் இருந்த மிராசுதார் வீட்டைப் பார்த்தார்.

குஞ்சோடு இருக்கும் விராலைப் பிடிக்க மாட்டார், பிடிக்கவும் விடமாட்டார். ஒரு முறை அவர் தெருப் பையன் ஒருவன் பிடித்துவிட்டான். அவன் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து, மீனை விட்ட பிறகுதான் முடியை விட்டார். "உன் அம்மாவை இப்படித் தூக்கிட்டுப் போனா நீ என்னடா ஆயிருப்ப?"

அந்த ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. குளத்து மீன் குத்தகை யாருக்கு இருந்தாலும் வலை அவருக்கு, கை தெருவுக்கு. பாசிக்குள் வலை ஓடாது, சிக்கிக் கிழிந்துவிடும். ஆகவே நடுக்குளத்து மீன் குத்தகைக்காரருக்குப் போகும். பாசிக்குள் இருப்பதை அந்தத் தெருப் பெண்கள் கையால் தடவிப் பிடித்துக்கொள்வார்கள். வேலை இல்லாத மாதங்களில் அந்தத் தெரு சாப்பிட்டது அதைத்தான். மிஞ்சியதை எனக்குக் கொடுத்தார்கள்.

இனி அவருடைய வார்த்தைக்கு வருகிறேன். யாராவது கரையில் நின்று "மேல ஏறி வா" என்று கூப்பிட்டால் அவர் ஏற மாட்டார். "பேசணும்னா இறங்கி வாங்க" என்பார். இதை எல்லாரிடமும் சொல்வார். ஓட்டுக் கேட்டு வந்தவர்கள், மலேரியா மருந்து அடிக்க வந்தவர், நான், யாராக இருந்தாலும் ஒன்றுதான்.

முதலில் அதை வாய்த்துடுக்கு என்றுதான் நினைத்தேன். ஒரு நாள் மீனை எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போது அவராகவே சொன்னார். "நான் சின்னவளா இருக்கறப்ப வரப்புல மிராசு வந்தா நாங்க சேத்துல இறங்கி நிக்கணும். இறங்கு, இறங்குன்னு முன்னாலேயே ஒருத்தன் கத்திக்கிட்டு வருவான். இறங்கினோம். இறங்கி இறங்கி இந்தத் தண்ணி எங்களுக்குப் பழகிப்போச்சு. இப்ப வந்து ஏறுன்னா உடனே ஏறிடணுமா?"

அது கூலிச் சண்டை நடந்த காலம். கரை வேட்டிக் கட்சிக்காரர்கள் ஆட்சிக்கு வந்து சில வருஷம் ஆகியிருந்தது. சுவரெல்லாம் உழைப்பாளிக்கு நிலம் என்று எழுதியிருந்தது. நிலம் மட்டும் மிராசுதார் வீட்டு உறவுகளின் பெயர்களில் பிரிந்து அங்கேயே இருந்தது. தை அறுவடைக்குச் சங்கம் கேட்ட கூலியை மிராசுதார் தரவில்லை. தெரு வேலைக்குப் போகவில்லை. வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து அறுத்தார்கள். பட்டினி போட்டால் தெரு தானாக வரும் என்று காத்திருந்தார்கள். தெரு வரவில்லை. தினமும் பெண்கள் குண்டானோடு குளத்தில் இறங்கினார்கள்.

ஒரு நாள் காலை மிராசுதாரின் காரியக்காரர் குடை பிடித்துக்கொண்டு படித்துறைக்கு வந்தார். நான் மீனுக்காகக் காத்திருந்தேன்.

"ஏய், மேல வா. அய்யா ஒரு வார்த்தை சொல்லிவிட்டாரு."

"வார்த்தைக்குக் காலு இருக்கா? இறங்கி வரச் சொல்லுங்க."

"கொழுப்பைப் பாரு. நாலு மீனைத் தின்னுட்டுப் பேசுற பேச்சு."

"மீனு கொழுப்புதானே காரியக்காரரே. உங்க நெல்லுலதான் எங்களுக்கு ஒட்டலியே."

காரியக்காரருக்குப் பேசியாக வேண்டியிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு படி இறங்கினார். இரண்டாவது படி வழுக்கியது. குடை ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமுமாகத் தண்ணீரில் விழுந்தார். பெண்கள் சிரித்துக்கொண்டே அவரைத் தூக்கி உட்காரவைத்தார்கள். குடையைக் குண்டானில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தது அக்காதான். "இப்பச் சொல்லுங்க, காதுல விழுதான்னு பாப்போம்" என்றார்.

அந்தச் சண்டையில் கூலி கொஞ்சம் கூடியது. அன்று மிராசுதார் சொன்னதாக ஒரு பேச்சு டீக்கடையில் அடிபட்டது. அந்தக் குளத்துல பாசி இருக்கிற வரைக்கும் அந்தத் தெரு பணியாது என்றாராம்.

அக்கா செய்ததெல்லாம் எனக்குப் பிடித்தது என்று சொல்ல முடியாது. அவருடைய மகளைப் பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். அவர் அப்போதும் குளத்தில்தான் இருந்தார். மாப்பிள்ளையின் அப்பா புது வேட்டியோடு கரையில் நின்று, "சம்பந்தியம்மா, மேல வாங்க, பேசுவோம்" என்றார். இவர் வழக்கமான பதிலைச் சொன்னார். விளையாட்டு என்று நினைத்து அவர் இன்னொரு முறை கூப்பிட்டார். மறுபடியும் அதே பதில். அவர்கள் அப்படியே திரும்பிப் போய்விட்டார்கள்.

"அக்கா, அவங்க உங்க சனம்தானே. ஏறி வந்திருக்கலாமே" என்றேன். அவரிடம் நானாகப் பேசிய சில வார்த்தைகளில் அது ஒன்று.

"என் வீட்டுக்குப் பொண்ணு கேட்டு வந்தவரு, வேட்டி நனையும்னு பாக்குறாரு. நாளைக்கு எம் பொண்ணுக்கு ஒண்ணுன்னா இறங்குவாரா?"

மகள் வெகுநாள் அவரோடு பேசவில்லை. அந்தப் பெண் குடிசை வாசலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது எனக்கு இன்னும் மனசை உறுத்துகிறது.

அடுத்து வந்த மீன் குத்தகையைக் கரை வேட்டிக் கட்சியின் கிளைத் தலைவர் எடுத்தார். மேடையில் நன்றாகப் பேசுவார். அவருடைய அப்பாவும் மிராசுதாரிடம் குத்தகைக்கு உழுது, வரப்பை விட்டு இறங்கி நின்றவர்தான். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் குத்தகைக்கு முதல் போட்டது மிராசுதார் என்று ஊருக்கே தெரியும். பாசியை எடுத்துவிட்டால் வலை கரைக்குக் கரை ஓடும், மீன் குஞ்சு வாங்கி விட்டால் மூன்று மடங்கு எடுக்கலாம் என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள்.

சித்திரையில் வேலை தொடங்கியது. கருவேல முள்ளைக் கட்டுக் கட்டாகச் சேர்த்து, கல் வைத்துக் கட்டி, குளத்துக்குள் இறக்கி மாடுகளைக் கொண்டு இழுத்தார்கள். பாசி வைக்கோல் போரைப் போலச் சுருண்டு கரையேறியது. அதோடு அயிரையும் விரால் குஞ்சும் வந்து வெயிலில் துடித்தன. அக்கா முள்ளுக்கு முன்னால் போய் நின்றார். மாட்டுக்காரர்கள் மாட்டை நிறுத்தினார்கள். தலைவர் கரையிலிருந்து கூப்பிட்டார்.

"அக்கா, மேல வாங்க. நானும் உங்க ஆளுதான்."

"எங்க ஆளுன்னா இறங்கி வா தம்பி."

"இது அரசாங்கத்துக் குளம்க்கா. சட்டப்படி எடுத்திருக்கேன்."

"வலைதானே எடுத்த. கை எங்களுது."

"இன்னும் எத்தனை நாளைக்குத் தடவிக்கிட்டே இருப்பீங்க? வளர்ச்சின்னு ஒண்ணு வேணாமா?"

"வளந்து நிக்கிறதைத்தானே நீ புடுங்குற."

தலைவர் ஒரு படி இறங்கினார். இரண்டாவது படிக்குக் காலை நீட்டினார். வேட்டிக் கரையில் தண்ணீர் பட்டதும் காலை எடுத்துக்கொண்டார். மறுநாள் போலீஸ் துணையோடு முள் இழுத்தார்கள்.

முதல் வலையில் மீன் குவிந்தது. மறைய இடமில்லாமல் எல்லாம் வெளியில் வந்திருந்ததால் குவியத்தானே செய்யும். எனக்கும் பெட்டி நிறையக் கிடைத்தது. அடுத்த வலையில் பாதி. பிறகு காற்று வீசினால் அடிமண் கலங்கித் தண்ணீர் டீ நிறமாக மாறியது. பிடித்து உட்காரவைக்கப் பாசி இல்லாததால் சேறு படியவே இல்லை. தலைவர் விட்ட குஞ்சுகளுக்கு ஒளிய இடமில்லை. வாளையும் நீர்க்காகமும் அவற்றைப் பங்கு போட்டுக்கொண்டன. பெண்கள் இறங்கித் தடவினார்கள். கையில் சேறுதான் வந்தது.

நடவு வரப்போகிறது, நடவுக் கூலிப் பேச்சும் வரப்போகிறது. கையில் மீன் இல்லாமல் தெரு எத்தனை நாள் தாங்கும் என்பதுதான் எல்லாருடைய கணக்கும். மிராசுதார் அவசரப்படாமல் இருந்தார்.

வைகாசிக் கடைசி. ஆற்றில் இன்னும் தண்ணீர் வரவில்லை. காலையில் நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தபோது குளத்தின் தெருப்பக்கக் கரையில் பெண்கள் கூட்டமாக நின்றார்கள். பழைய மதகடி மடுவில் முள்ளுக்குத் தப்பிய பாசி கொஞ்சம் இருந்திருக்கிறது. அதை அரித்து எடுத்து, நாற்று முடியைப் போலக் கைப்பிடி கைப்பிடியாக வாழை நாரால் கட்டி அடுக்கியிருந்தார்கள். பக்கத்தில் களிமண் உருண்டைகள்.

அக்கா முதலில் இறங்கி, ஒரு குச்சியை ஊன்றிக்கொண்டே உள்ளே போனார். தண்ணீருக்குள் தன் கையை நீட்டிப் பார்ப்பார். கை தெரியாமல் போன இடத்தில் குச்சியை நட்டார். "இதுக்கு மேல வெளிச்சம் இல்ல. இதுக்கு உள்ள நடுங்க."

அப்புறம் அவர்கள் வரிசை கட்டினார்கள். வயலில் நாற்று நடுவது போலவே குனிந்து, பின்னால் அடி வைத்து, பாசியை நட்டார்கள். ஆழமான இடத்தில் பாசி முடியைக் களிமண் உருண்டையில் புதைத்துக் கால் கட்டைவிரலால் அழுத்தினார்கள். காலம் முழுக்க அடுத்தவன் வயலில் களை பறித்த கைகள் அவை. யாரோ குலவை போட்டார்கள். மகளும் வரிசையில் இருந்தாள், அம்மாவுக்கு அடுத்த ஆளாக. இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. மகளின் கை முடியை நீட்ட, அம்மாவின் கை வாங்கிக்கொண்டது.

வெயில் ஏறும் நேரத்தில் தலைவர் ஏட்டைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"எல்லாரும் மேல ஏறுங்க" என்றார் ஏட்டு.

"பேசணும்னா இறங்கி வாங்கய்யா."

"பூட்ஸ் போட்டிருக்கேன்மா."

"நிதானமா கழட்டுங்க. நாங்க எங்க போவப்போறோம்?"

ஏட்டு பூட்ஸைப் பார்த்தார், தலைவரைப் பார்த்தார். "இதுல யாரு தலைமை?"

"நடவுல ஏதுங்க தலைமை? எல்லாரும் பின்னாலதானே போறோம்."

பெண்கள் சிரித்தார்கள். ஏட்டுக்கும் உதடு அசைந்தது. அடக்கிக்கொண்டு தலைவரிடம் மெதுவாக, "மீன் திருடினாங்கன்னா போடலாம். நட்டாங்கன்னு என்ன கேஸ் போடுறது?" என்றார்.

"என் குஞ்சையெல்லாம் கலைச்சுட்டாங்க, மீனை அள்ளிட்டாங்கன்னு போடுங்க. சாட்சி இருக்கு." தலைவர் என் பக்கம் கையைக் காட்டினார். "வெளியூர்க்காரன். ரெண்டு பக்கமும் சேராதவன்."

ஏட்டு என்னிடம் வந்தார். "நீ யாரு?"

"மீன் வாங்குறவங்க."

"இவங்க குத்தகை மீனைப் பிடிச்சதைப் பாத்தியா?"

தலைவர் என் தோளில் கை வைத்தார். "சொல்லு பாய். இனி என் வலை மீனு மொத்தமும் உனக்குத்தான். வேற யாருக்கும் தரமாட்டேன்."

குளத்தில் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவரும் பார்க்கவில்லை. எனக்காக எத்தனையோ முறை கத்தியவர், அன்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நட்டுக்கொண்டே இருந்தார். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எல்லாரும் என் வாயையே பார்ப்பது போலிருந்தது. எனக்கு வாழ்நாள் முழுக்க இருக்கிற வியாதி அது.

சைக்கிளை மரத்தில் சாய்த்தேன். கைலியை மடித்துக் கட்டினேன். படியில் இறங்கினேன்.

"ஏய், உன்னைக் கேட்டா நீ எங்க போற?" என்றார் ஏட்டு.

முதல் படி, இரண்டாவது படி. எனக்கு நீச்சல் தெரியாது. தண்ணீர் முழங்காலுக்கு வந்தது, தொடைக்கு வந்தது. மடித்துக் கட்டிய கைலியும் நனைந்தது. மகள் ஒரு முடிப் பாசியை என் கையில் வைத்தாள்.

"நாத்தை மிதிக்காம வா மணி பாய்" என்றார் அவர்.

ஏட்டு ஸ்டேஷனில் கேட்டுவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார். வரவில்லை. தலைவர் பிறகும் முள் இழுத்தார். இழுத்த மறுநாளே பெண்கள் நட்டார்கள். இழுக்க மாட்டுக்கும் ஆளுக்கும் கூலி கொடுக்க வேண்டும், நடுவதற்கு யாரும் கூலி கேட்கவில்லை. கடைசியில் ஒரு நாள் மாடுகள் வரவில்லை. தலைவருடைய வலை மீன் அதற்குப் பிறகு எனக்கு ஒரு நாளும் கிடைக்கவில்லை. அந்த வருஷ நெல் நடவில் தெரு அரை வயிற்றோடுதான் இருந்தது. ஆனாலும் கேட்ட கூலி வரும்வரை யாரும் வயலில் இறங்கவில்லை. அக்கா இன்று இல்லை. பாசி இருக்கிறது. போன மாதம்கூடப் பார்த்துவிட்டு வந்தேன்.

அந்த முதல் நாள் வெகுநேரம் வரிசையில் நின்றேன். நட எனக்குத் தெரியாது. நான் நட்டது எல்லாம் மிதந்து மேலே வந்தது. அக்கா அதைப் பிடித்து மறுபடி ஊன்றினார். அப்போது என் கணுக்காலில் சின்னதாக ஏதோ இடித்துவிட்டு, அப்போதுதான் நட்ட பாசிக்குள் போய் நின்றது. நான் பயந்து காலைத் தூக்கினேன்.

"ஆடாம நில்லு பாய்" என்றார். "குடி வருது."